பேய் வரும் முன் மனிதர் வரவேண்டும்

பள்ளிக்கூடத்தில் நடக்கும் பேய்க்கதைகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவற்றில் நல்லவற்றை ஊன்றிப் படித்தால், பேயைவிட வகுப்பறையே நம்மை அதிகம் நடுங்கவைக்கும். அமானுஷ்யம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் வந்திருக்க வேண்டிய மனிதர் ஒருவரும் வராததால் வருகிறது.

ஸ்டீபன் கிங்கின் முதல் நாவல் 'கேரி' 1974இல் வெளிவந்தது. அதை எழுதிய நாட்களில் அவர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர். தம் பள்ளிப் பருவத்தில் எல்லோராலும் ஒதுக்கப்பட்ட இரண்டு பெண்களின் நினைவிலிருந்தே கேரி பிறந்தாள் என்று பின்னாளில் எழுதினார்.

உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளிக்கும் அறையில் கேரிக்கு முதல் மாதவிடாய் வருகிறது. மதவெறி பிடித்த தாய் அதைப் பற்றி அவளுக்குச் சொன்னதே இல்லை. செத்துவிடுவோம் என்று அலறுகிறாள். சக மாணவிகள் சூழ்ந்துகொண்டு, கோஷம் போட்டு, அவள்மேல் நாப்கின்களை வீசுகிறார்கள். தடுக்க வந்த ஆசிரியையும் முதலில் கேரியைத்தான் அறைகிறார். இத்தனையிலும் அமானுஷ்யம் என்று இருப்பது தலைக்கு மேல் வெடிக்கும் ஒரு மின்விளக்கு மட்டுமே. மற்றதெல்லாம் மனிதக் கைவரிசை. நாவலில் இடையிடையே விசாரணைக் குழுவின் ஆவணங்களும் சாட்சியங்களும் வருகின்றன. கேரியின் அமானுஷ்ய சக்தி சீறி ஊர் எரிந்த பிறகு எல்லோரும் காரணம் தேடுகிறார்கள். எரியும் முன் கேட்க ஆளில்லை.

ஸ்வீடன் எழுத்தாளர் யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதி, 2008இல் திரைப்படமாக வந்த கதையும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. ஸ்டாக்ஹோமின் புறநகர் ஒன்றில் வாழும் பன்னிரண்டு வயது ஆஸ்கர், வகுப்புத் தோழர்களிடம் தினம் அடிபடுபவன். கன்னத்தில் காயத்தோடு வீட்டுக்கு வரும்போது, கீழே விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொல்கிறான். பிறகு அவனுக்குத் துணையாக வருவது ரத்தம் குடித்து வாழும் ஒரு ஜீவன். அது உயிர் பிழைக்கக் கொல்கிறது. பையன்கள் பொழுது போக வதைக்கிறார்கள். எது அதிகப் பயங்கரம் என்பதைக் கதை நம்மிடம் விட்டுவிடுகிறது.

இத்தகைய கதைகளில் பழிவாங்கும் கட்டம் வரும்போது நாம் உள்ளூர மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியைச் சற்று விசாரிக்க வேண்டும். கேரியின் சீற்றத்தில் அவளைத் துன்புறுத்தியவர்களோடு ஒன்றும் அறியாதவர்களும் சாகிறார்கள். பேய் தரும் நீதிக்கு அளவு தெரியாது. அளவறிந்த நீதியைத் தரவேண்டியவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும் நாம்தான்.

அதற்கான வழியை ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, பள்ளிகளில் நடக்கும் இத்தகைய கொடுமைக்கு எதிராக அந்நாட்டு அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. ஆய்வாளர் டான் ஒல்வியஸின் தடுப்புத் திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் இன்னொன்றைக் கவனப்படுத்தினார். அடிப்பவன், அடிபடுபவன் என இருவரோடு இந்தக் கொடுமை முடிவதில்லை. கூடச் சேர்பவன், சிரித்து ஊக்குவிப்பவன், ஒதுங்கி நிற்பவன், காப்பாற்ற வருபவன் என்று வகுப்பில் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் இந்தப் பார்வையாளர்களின் மனத்தை மாற்றுவதையே மையமாகக் கொண்டது. சிரிக்க ஆளில்லாவிட்டால் சீண்டலுக்குச் சுவை போய்விடும்.

நம் ஊருக்கு இது அந்நியச் சங்கதி அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் சாதி இழிவுக்கு ஆளான மாணவர், பள்ளியில் அது புகாராகப் போன பிறகு, வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது உள்ளிட்ட பரிந்துரைகள் அதில் உள்ளன. 'சொல்' என்று பிள்ளையைத் தூண்டினால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளையைக் காப்பாற்றும் ஏற்பாடும் வேண்டும் என்பதே நாங்குநேரி தந்த பாடம்.

எனவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். கிழிந்த சட்டை, காணாமல் போன டிபன் பாக்ஸ், காலையில் திடீரென வரும் வயிற்றுவலி ஆகியவற்றைப் பெற்றோர் சோம்பேறித்தனம் என்று ஒதுக்காமல் நிதானமாக விசாரிக்கட்டும். தம் பிள்ளை அடிப்பவனாக இருக்கலாம் என்ற சாத்தியத்தையும் ஏற்கட்டும். 'சும்மா விளையாட்டுக்குத்தான் சார்' என்ற பதிலோடு ஆசிரியர் விவகாரத்தை முடிக்க வேண்டாம்; நிறத்தையும் சாதியையும் உடலையும் குத்தும் பட்டப்பெயர் ஆசிரியரின் வாயிலிருந்தே வரக்கூடாது. புகார் சொன்னவரின் பெயர் வெளியே போகாமலும், அவர் தனியே வீடு திரும்ப நேராமலும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகளுக்கான 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்கள் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்கட்டும்.

மாணவர்களிடம் வீரத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒதுக்கப்பட்டவரின் பக்கத்தில் போய் உட்காரலாம். பரப்பச் சொல்லி வந்த வீடியோவை அழிக்கலாம். நம்பும் ஒரு ஆசிரியரிடம் சேர்ந்து போய்ச் சொல்லலாம். சட்டமும் குழு அறிக்கையும் துணை நிற்கும். ஆனால் அவை பெரும்பாலும் விபரீதம் நடந்த பிறகு பேசுபவை. அதற்கு முன்னால் பேசுவது வகுப்பில் இருப்பவர்களின் வேலை. அவர்களுக்குத் துணிச்சல் தருவது பெரியவர்களின் கடமை.