நல்ல பகல் வெளிச்சம் போதாது

போக்குவரத்து வாகனம் ஓட்ட உரிமம் கேட்பவருக்கு மருத்துவர் நிரப்பித் தரும் படிவம் 1ஏ ஒரு கேள்வி கேட்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையை இவரால் கண்டறிய முடிகிறதா? எண் பலகையில் பெரும்பாலும் இருப்பது வெள்ளையில் கறுப்பு, அல்லது மஞ்சளில் கறுப்பு. மாறுபாடு மிக அதிகமாக இருக்கும் பொருளை, வெளிச்சம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் காட்டிச் சோதிக்கிறோம். மாலைக்கண் பற்றிப் படிவம் தனியாகக் கேட்கிறது; ஆனால் அதற்கு விண்ணப்பதாரர் வாயால் சொல்லும் பதிலே பெரும்பாலும் ஆதாரம்.

அதே ஓட்டுநர் அந்தி மயங்கும் நேரத்தில் தருமபுரியிலிருந்து நல்லம்பள்ளி வழியாகத் தொப்பூர் கணவாய்க்கு இறங்குகிறார். தேசிய நெடுஞ்சாலை 44-இல் அவர் காண வேண்டியவை வேறு: பின்விளக்கு எரியாமல் ஓரம் நிற்கும் சாம்பல் நிற லாரி, தார்ச்சாலையைக் கடக்கும் எருமை, வாரச்சந்தைக்கு ஓட்டி வரப்படும் கறுப்பு ஆடுகள். தொப்பூரில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த தொடர் மோதல்களில் தலா நான்கு பேர் இறந்தனர். அந்தச் சாலையின் விபத்துகளுக்குச் செங்குத்தான இறக்கம், வேகம், பிரேக் என்று பெரிய காரணங்கள் உண்டு. பழியைக் கண் மேல் போடுவது நேர்மையல்ல. ஆனால் அத்தகைய சாலையில் ஒரு நொடி முன்னதாகப் பார்ப்பது உயிர் காக்கும். அந்த ஒரு நொடி நம் கண் மருத்துவத் துறையின் பொறுப்பு.

கூர்மையும், மங்கலான வேறுபாட்டைக் காணும் மாறுபாட்டு உணர்திறனும் வெவ்வேறு திறன்கள். இதை விலங்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகுக்கு நம்மைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட கூர்மை உண்டு. ஆனால் நமக்கு எளிதில் தெரியும் மங்கலான சாம்பல் வேறுபாடு அதற்குத் தெரியாது. சோதிக்கப்பட்ட பறவைகளில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். பூனை நேர்மாறு. 1973-இல் கேம்பெல், மாஃபி, பிக்கோலினோ மூவரும் அதன் உணர்திறன் வரைகோட்டை அளந்தபோது, வடிவம் நம்முடையதைப் போலவே இருந்தது. ஆனால் ஏறத்தாழ பத்து மடங்கு அகன்ற பட்டைகளின் பக்கம் நகர்ந்திருந்தது. நுண்ணிய கோடுகளை இழந்த பூனை, நமக்குப் புலப்படாத அகன்ற மங்கல் பட்டைகளைக் காண்கிறது. ஆட்டின் படுக்கைவாட்டுக் கண்மணியோ, தரையோடு வரும் உருவங்களின் படுக்கைவாட்டு விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது; மேயத் தலை குனிந்தாலும் கண் சுழன்று அந்தக் கண்மணியைத் தரைக்கு இணையாக வைக்கிறது என்று 2015-இல் மார்ட்டின் பேங்க்ஸ் குழு காட்டியது. எந்த மாறுபாட்டை நம்பிப் பிழைக்கிறதோ, அதற்கேற்ற கண் அந்த உயிருக்கு. அப்படியிருக்க, ஓட்டுநர் நம்பிப் பிழைக்கும் மாறுபாட்டை மட்டும் நாம் ஏன் அளக்காமல் விடுகிறோம்?

6/6 படிக்கும் கண்ணிலும் மாறுபாட்டு உணர்திறன் குறைந்திருக்கலாம். தொடக்கநிலைக் கண்புரை, கண்நீர் அழுத்த நோய், நீரிழிவு விழித்திரை பாதிப்பு ஆகிய மூன்றிலும் இது நேர்கிறது. புரை உள்ள கண்ணில் எதிர்வண்டியின் முகப்பு விளக்கு சிதறி விழித்திரை முழுதும் ஒரு திரையாய்ப் படர்கிறது. ஆட்டின் உருவத்துக்கும் சாலைக்கும் இடையிலான ஒளி வேறுபாடு அப்படியே இருக்கும். இரண்டின் மேலும் சம அளவு ஒளி கூடுவதால் விகிதம் சுருங்கிவிடும். ஆடு மறைந்துபோகும். “எழுத்தெல்லாம் தெரியுது டாக்டர், ராத்திரி வண்டி ஓட்டத்தான் சிரமமா இருக்கு” என்பவரிடம் ஸ்நெல்லன் பலகையைக் காட்டி, கண்ணில் குறையில்லை என்று அனுப்பிவிடுவது அவர் சொன்னதைக் கேளாமல் விடுவதாகும்.

ஆதாரம் நம் கையில் இருக்கிறது. சிந்தியா ஓஸ்லி குழு கண்புரை உள்ள முதிய ஓட்டுநர்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவு: விபத்தில் சிக்கியவர்களிடம், மோசமான கண்ணில் கடுமையான மாறுபாட்டுக் குறை இருக்கும் வாய்ப்பு எட்டு மடங்கு. மாறுபாட்டு உணர்திறனை அளக்கும் பெல்லி–ராப்சன் பலகையில் மதிப்பு 1.25 அல்லது அதற்குக் கீழ் என்பதே அவர்கள் வகுத்த எல்லை. அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்யாதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதி என்று அதே குழு 2002-இல் காட்டியது. அதாவது, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய குறை இது.

ஸ்நெல்லன் பலகை வந்தது 1862-இல். பெல்லி–ராப்சன் பலகை 1988-இல். பின்னதில் எழுத்தின் அளவு மாறாது, கறுப்பு மட்டும் மும்மூன்று எழுத்தாக வெளிறும். ஒரு மீட்டர் தொலைவும் சில நிமிடங்களும் போதும். ஆனால் கவனம் வேண்டும்: ஒளி பலகை முழுதும் சீராக, சதுர மீட்டருக்கு சுமார் 85 கேண்டெலா அளவில் இருக்க வேண்டும்; கடை அச்சுப்பொறியில் எடுத்த நகலும், வெயிலில் வெளுத்த பலகையும் உதவா. தமிழ் எழுத்து மட்டுமே தெரிந்தவருக்கும் எழுத்தறியாதவருக்கும் வளையத்தின் இடைவெளித் திசையைக் காட்டச் சொல்லும் வகை ஏற்றது.

மூன்று காரியங்களை இவ்விதழ் முன்வைக்கிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய கண் முகாம்களில் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் இரு கண்களிலும் மாறுபாட்டு உணர்திறனைத் தனித்தனியே அளந்து சீட்டில் எழுதுவோம். 1.5-க்குக் கீழே இருப்பவரைக் காரணம் கண்டறிய மேல் பரிசோதனைக்கு அனுப்புவோம். உரிமத்தைப் பறிக்கும் கருவியாக அந்த எண்ணை ஆக்கக் கூடாது. படிவம் 1ஏ-இல் இந்தச் சோதனைக்கும் ஒரு வரி சேர்க்கும்படி நம் சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.