மாத்திரைக்குக் கேட்காத மனச்சோர்வு

இருங்காட்டுக்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: நிலம் சிப்காட்டுக்குப் போனபின் அவருடைய அண்ணனுக்கு மனச்சோர்வு. ஒன்றரை வருடமாக மாத்திரை, இருமுறை மாற்றியும் தேறவில்லை. இனி வழியுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே நன்கு தேறியவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. இரு மருந்துகளையும் போதிய அளவில், ஆறு வாரமாவது விடாமல் சாப்பிட்டாரா என்று முதலில் பாருங்கள். தைராய்டு சோதனை அவசியம். குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதற்குப் பிறகும் லித்தியம் சேர்ப்பது, மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்அதிர்வு சிகிச்சை (சினிமாவில் காட்டும் சித்திரவதை அல்ல) என்று படிகள் இருக்கின்றன. பழைய சீட்டுகளோடு கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் காட்டலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று, இன்றே செய்ய வேண்டியது. நிலம் போனாலும் பரணில் மீந்த பூச்சிமருந்து டப்பா இருக்கும். அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கம் சினேகா அமைப்பு ஊர்ப் பொதுவில் பூட்டுப்பெட்டிகள் வைத்து, விவசாயிகளின் மருந்தை வீட்டிலிருந்து அங்கே மாற்றியது. மனம் மிகவும் கலங்கும் வேளையில் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். சாகவேண்டும் என்று அண்ணன் சொன்னால் தனியே விடாதீர்கள். இரவானாலும் 14416க்குப் பேசலாம், கட்டணமில்லை.