எழுவர் ஆட்டம்

விளையாட்டு உடலுக்கு உரம் தருவது; உள்ளத்திற்கு உவகை தருவது. இதனை எல்லாரும் அறிவர். ஆயின், விளையாட்டு மற்றொன்றையும் தருகின்றது. அது, 'நானும் இக்கூட்டத்தில் ஒருவன்' என்னும் உணர்வு. தன்னையும் ஓர் அணியில் சேர்த்துக்கொண்டார்கள், தன் பெயரைச் சொல்லி அழைத்துப் பந்தை அனுப்பினார்கள் என்னும் நினைவு ஒரு சிறுவனுக்குத் தரும் பெருமிதத்தைப் பரிசுக் கோப்பையும் தருவதில்லை. உணவும் உடையும் கல்வியும் போல இதுவும் வளரும் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது.

நம் பள்ளித் திடல்களைச் சற்றே உற்று நோக்குங்கள். மாலை மணி அடித்தவுடன் ஓடும் கூட்டத்தில் சேராமல், ஓரத்தில் அமர்ந்து, ஆடுவோரின் பைகளைக் காத்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவனை அங்கே காணலாம். அவன் ஒரு காலை இழுத்து நடப்பான். அல்லது அவன் கை மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும். அவனை யாரும் வெறுப்பதில்லை. எல்லாரும் அன்பாகவே பேசுகின்றனர். ஆயினும், ஆட வா என்று அழைப்பார் இல்லை. 'பாவம், விழுந்துவிடுவான்' என்பர். இவ்விரக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆனால் அவனைத் திடலுக்கு வெளியே நிறுத்துவதும் இவ்விரக்கமே. அவனுடைய தலைவிதி என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் தலைவிதி அன்று, ஆட்ட விதியே. ஆட்ட விதியை மாற்றினால் அவனும் ஆடலாம். இதனை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியது, மூளை முடக்குவாதம் உடையோர் ஆடும் எழுவர் கால்பந்தாட்டம்.

மூளை முடக்குவாதம் என்பது யாது? காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்கின்றார். கால் மிதியை அழுத்துகின்றது. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்நொடியிலேயே கை நாடாவைச் செலுத்துகின்றது. அது விட்டுச் சென்ற ஊடை இழையைப் பலகை நெருக்குகின்றது. காலும் கையும் கண்ணும் ஒன்றுபட்டு இயங்கினால் அன்றித் துணி ஓர் அங்குலமும் வளராது. இவ்வியக்கத்தை ஆள்வது மூளை. வளரும் மூளையில் ஊறு நேர்ந்துவிட்டால், அதன் ஆணை தசைகளுக்குச் செவ்வையாகச் சென்று சேர்வதில்லை. அதனால் சிலருக்குத் தசைகள் விறைத்துக்கொள்கின்றன. சிலருக்குக் கைகால்கள் தம் விருப்பமின்றியே அசைகின்றன. சிலர் நிலை தடுமாறுகின்றனர். இதுவே மூளை முடக்குவாதம்.

தாயின் வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த பின் குழந்தைப் பருவத்திலோ இவ்வூறு நேரலாம். குறைமாதப் பிறப்பு, உயிர்வளிக் குறைவு, கடுமையான மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியன இதற்குக் காரணங்களாம். உலகில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ இருவர் அல்லது மூவர்க்கு இந்நிலை உண்டாகின்றது. இது தொற்றுநோய் அன்று. முன்வினைப் பயனும் அன்று. மூளையில் நேர்ந்த ஊறு நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. இந்நிலை உடையவருள் பலர் கூர்த்த அறிவினர். ஆயினும், நாவின் தசைகள் ஒத்துழையாமையால் பேச்சுக் குழறுகின்றது. பேச்சுக் குழறுவதைக் கண்டு, அறிவே இல்லை என்று உலகம் முடிவு கட்டிவிடுகின்றது. உடற்குறையினும் இம்முடிவே அவர்களுக்குப் பெருந்துன்பம் தருவது.

இத்தகையோர் விளையாட்டுக் களத்திற்கு வந்த வரலாறு நெடியது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்துவந்த லுட்விக் குட்மன் என்னும் அறிஞர், 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தோர் 16 பேரைக் கொண்டு ஒரு போட்டி நடத்தினார். அச்சிறு விதையே பின்னர்ப் பாராலிம்பிக் என்னும் பெருமரமாயிற்று. முதுகுத்தண்டு ஊறுபட்டோர்க்காகத் தொடங்கிய அவ்விழாவில் மூளை முடக்குவாதம் உடையோர்க்கு 1980ஆம் ஆண்டிலேதான் இடம் கிடைத்தது. அதற்கு முன்பே, 1978இல், ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் அவர்களுக்கென நாடுகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி நடந்தது. 1984ஆம் ஆண்டில் எழுவர் கால்பந்து பாராலிம்பிக் விழாவில் சேர்க்கப்பட்டது.

இவ்வாட்டத்தின் முறைகளை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓர் அணிக்குப் பதினொருவர் அல்லர், எழுவர். திடல் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உடையது. இலக்குக் கம்பங்களும் வழக்கமானவற்றினும் சிறியன. அவற்றின் அகலம் 5 மீட்டர், உயரம் 2 மீட்டர். ஆட்டம் 30 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும். 'ஆஃப்சைடு' என்னும் விதி இதில் இல்லை. பந்து பக்கக் கோட்டைக் கடந்தால், இரு கைகளாலும் தலைக்கு மேல் உயர்த்தித்தான் எறிய வேண்டும் என்பது இல்லை. ஒரு கையால் தரையில் உருட்டிவிடவும் செய்யலாம். ஒரு கை மடங்கியவரை மனத்திற்கொண்டு அமைத்த விதி அது. பந்தும் அதே பந்து. வேட்கையும் அதே வேட்கை. விதி மட்டும் சற்றே வளைந்து கொடுத்தது, ஆட்டம் அவர்களுடையதாயிற்று.

இவ்விதிகள் அனைத்தினும் சிறந்த விதி ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களை அவர்தம் இயக்கத் தடையின் அளவு நோக்கி வகுப்புகளாகப் பிரிப்பர். இன்று மூன்று வகுப்புகள் உள்ளன. தடை மிகுந்தவர் முதல் வகுப்பினர். தடை குறைந்தவர் மூன்றாம் வகுப்பினர். களத்தில் எந்நேரமும் முதல் வகுப்பினர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். மூன்றாம் வகுப்பினர் ஒருவருக்கு மேல் இருத்தல் கூடாது. வெல்ல விரும்பும் அணி, வல்லவரையே பொறுக்கி நிரப்பிவிட முடியாது. தடை மிகுந்தவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவருக்குப் பயிற்சி தர வேண்டும். அவர் கால் எத்திசையில் பந்தை நன்கு உதைக்கும் என்று அறிந்து, அதற்கேற்ப ஆட்டத்தை அமைக்க வேண்டும். ஏனைய இடங்களில் 'இவன் வேண்டா' என்று ஒதுக்கப்பட்டவன், இங்கே 'இவன் இன்றி அணியே இல்லை' என்னும் நிலையை அடைகின்றான். இஃது இரக்கம் அன்று, நீதி.

இவ்வுண்மை காஞ்சிபுரத்தார்க்குப் புதிது அன்று. கோர்வைப் புடைவை நெய்யும்போது உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக இழைகளைக் கோத்து நெய்ய வேண்டும். எத்துணைக் கைதேர்ந்த நெசவாளராயினும் அதனைத் தனியே நெய்தல் அரிது. மறுபுறத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரத் துணையாள் ஒருவர் வேண்டும். அவர் தொழிலில் இளையவராக இருக்கலாம். ஆயினும், அவர் கை நின்றால் தறியும் நின்றுவிடும். உடலும் கரையும் பிரியாமல் உறுதியாக நிற்கும் பட்டு, இருவர் உழைப்பின் பயனே அன்றோ? எழுவர் ஆட்டமும் ஒரு கோர்வையே.

இத்தகைய ஆட்டம் பாராலிம்பிக் விழாவில் 32 ஆண்டுகள் நடைபெற்றது. 2016ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் உக்ரைன் அணி தங்கம் வென்றது. ஆசியக் கண்டத்தைச் சேர்ந்த ஈரான் வெள்ளி வென்றது. பிரேசில் வெண்கலம் வென்றது. அதுவே இறுதி. அடுத்த விழாவாகிய டோக்கியோவில் இவ்வாட்டம் இடம்பெறாது என்று பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு 2015ஆம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த விழாவிலும் இதற்கு இடம் இல்லை. ஆட்டத்தில் சுவை குன்றிவிட்டதா? இல்லை. ஆடுவோர் திறம் குறைந்துவிட்டதா? அதுவும் இல்லை. உலகில் போதிய அளவு பரவவில்லை என்பதே கூறப்பட்ட காரணம்.

இம்முடிவு முறையானதா? ஓர் உலக விழாவில் இடம் பெறும் ஆட்டம் பல நாடுகளிலும் ஆடப்படுதல் வேண்டும் என்று கேட்பது தவறு அன்று. விழாவின் இடமும் பொருளும் எல்லை உடையவை. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்பதற்கு அளவுகோல் ஒன்று வேண்டும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பரவினால்தான் இடம் என்கின்றனர். இடம் இருந்தால் அன்றோ பரவும்? உலக விழாவில் இல்லாத ஆட்டத்திற்கு அரசுகள் பொருள் தருவதில்லை. பொருள் இன்றேல் பயிற்சி இல்லை. பயிற்சி இன்றேல் பரவுதல் இல்லை. எனினும், அவ்வாட்டக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. 2015இல் தமக்கெனப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி, உலகப் போட்டிகளைத் தொடர்ந்து நடத்துகின்றனர். 2022ஆம் ஆண்டில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பைப் போட்டி ஸ்பெயின் நாட்டில் நடந்தது. அமெரிக்க அணி வென்றது. வாயில் ஒன்று மூடிய காலத்திலேயே மற்றொரு வாயிலைத் திறந்த ஊக்கம் அவர்களுடையது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். பரவாமையே குறை எனில், பரப்பாதவர் யார்? உலக மக்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழும் இந்தியா, பாராலிம்பிக் எழுவர் கால்பந்தில் ஒருமுறையும் ஆடியதில்லை. ஆதலின் அவ்வாட்டம் வெளியேறியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

நம்மவர்க்குத் திறம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன், கையில் குறைபாடு உடையோர்க்கான இறகுப்பந்துப் போட்டியில், 2024ஆம் ஆண்டு பாரிசில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே விழாவில், மூளை முடக்குவாதம் உடையவராகிய உத்தரப்பிரதேசத்துப் பிரீத்தி பால் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் இரு வெண்கலங்கள் வென்றார். இவர்கள் நம் பெருமைக்கு உரியவர்கள். ஆயின் இறகுப்பந்தும் ஓட்டமும் தனியொருவர் சிறந்து விளங்கக்கூடியவை. ஒரு குடும்பத்தின் ஈகமும் ஓர் ஆசிரியரின் அக்கறையும் இருந்தால் ஒருவர் உயர்ந்துவிடலாம். எழுவர் ஆட்டத்திற்கு அவை போதா. எழுவர் வேண்டும், எதிர்த்து ஆட மற்றோர் எழுவர் வேண்டும், திடலும் நடுவரும் வேண்டும், பேருந்து ஏற்றி அழைத்துவரும் பெற்றோரும், கரையில் நின்று கைதட்டும் ஊராரும் வேண்டும். தனி வீரரை ஒரு வீடு உருவாக்கலாம். ஓர் அணியை ஊர்தான் உருவாக்க முடியும். ஆகையால், ஊர் மனம் திருந்திவிட்டதா என்பதை அறியப் பதக்கப் பட்டியல் போதாது. அவ்வூரில் இத்தகைய அணி ஒன்று ஆடுகின்றதா என்றே பார்க்க வேண்டும்.

இதற்கு வேண்டிய அடித்தளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1972இல் மும்பையில் மிது ஆலூர் அம்மையார் மூளை முடக்குவாதம் உடையோர்க்கான சங்கத்தைத் தோற்றுவித்தார். 1985இல் சென்னையில் இன்று 'வித்யாசாகர்' எனப்படும் நிறுவனம் தோன்றியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டிற்கு ஆவன செய்தல் அரசின் கடமை என்றும் கூறுகின்றது. சட்டம் வழி காட்டும்; அவ்வழியில் நடக்க வேண்டியவர் நாமே.

'மருத்துவமும் உதவித்தொகையும் தந்தால் போதாதா? விளையாட்டு எதற்கு?' என்று சிலர் வினவுவர். உயிர் வாழ்தல் வேறு, வாழ்தல் வேறு. உணவளித்து ஒரு மூலையில் அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று நம் உடன்பிறந்தார் திறத்தில் நாம் எண்ணுவோமா? 'தனிப் போட்டி வைத்தால் அவர்களைப் பிரித்துவிடுவதாகாதா?' என்று வேறு சிலர் கேட்பர். இது சிந்திக்கத்தக்க வினா. உலகப் போட்டிக்கு ஒத்த நிலையினர் ஒத்த நிலையினரோடு மோதுவதே முறை. பள்ளித் திடலிலோ எல்லாரும் கலந்து ஆடுவதே அழகு. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று.

மாணவர்களே! உலகக் குழுவின் முடிவை மாற்றுதல் உங்கள் கையில் இல்லை. உங்கள் ஊர்த் திடலின் விதியை மாற்றுதல் உங்கள் கையில் உள்ளது. ஏனாத்தூர் போன்றதோர் ஊரில் நாளை மாலையே இதனைத் தொடங்கலாம். திடலைச் சிறிதாக்குங்கள், அணிக்கு எழுவர் என்று வகுத்துக்கொள்ளுங்கள், பந்தை உருட்டிவிட இசைவு தாருங்கள். கால் தடுமாறும் தோழன் ஒருவன் இரு அணியிலும் இருந்தே ஆக வேண்டும் என்று விதி செய்யுங்கள். முதல் நாள் அவன் விழுவான்; விழாமல் கால்பந்து ஆடியவர் யார்? அவனைத் தூக்கிவிட ஓடுமுன், அவனே எழுகின்றானா என்று பாருங்கள். அவனுக்கு வேண்டிக்கொடுக்காதீர்கள்; பந்தை அனுப்பி, திரும்பத் தரும்படி கேளுங்கள். அவன் தவறவிட்டால், மற்றவரைக் கடிந்துகொள்வது போலவே அவனையும் கடிந்துகொள்ளுங்கள். அன்றுதான் அவன் உங்களுள் ஒருவன் ஆவான்.

வல்லவர்க்கு மட்டும் இடம் தரும் திடல் வல்லவரையும் முழுமை ஆக்குவதில்லை. எல்லார்க்கும் இடம் தரும் திடலே நாட்டிற்கு நல்ல குடிமக்களைத் தரும். உலகப் போட்டிகள் தொலைவில் உள்ளன. அவற்றிற்குச் செல்லும் வழி நம் ஊர்த் திடலிலிருந்தே புறப்படுகின்றது.