சருகு தின்னும் நத்தையா, சரம் தின்னும் நத்தையா?

கேள்வி: போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. மழை பிடித்ததிலிருந்து தூருக்குத் தூர் நத்தை. 'அழுகின சருகைத்தான் தின்னும், விட்டுடுங்க' என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஆனால், பூத்த சரமெல்லாம் கடிபட்டுக் கிடக்கிறது. மருந்து அடிக்கலாமா?
- வாசகி, சிலமலை.

பதில்: மருந்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அம்மா. முதலில் ஒரு நத்தையைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். உள்ளே போய், சட்டைப் பொத்தான் மாதிரி வட்ட மூடியால் வாயை அடைத்துக்கொண்டால், அது நம் காட்டு நத்தை. சருகையும் பாசியையும் தின்று மண்ணுக்கு உரமாக்குவது. அதை விட்டுவிடலாம்.

மூடி இல்லாமல், ஓடு கூம்பாக நீண்டு, பழுப்பு வரிகளோடு விரல் நீளத்துக்கு இருந்தால், அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-ல் மொரீசியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டது, இன்று நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. கோடையில் இதுவும் வாயை அடைத்துக்கொண்டு தூங்கும். ஆனால், அது காகிதம் போன்ற வெள்ளை ஏடு. குச்சி பட்டால் உடையும். அதை மூடி என்று ஏமாந்துவிட வேண்டாம்.

பக்கத்துத் தோட்டக்காரர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருப்பார். ராட்சத நத்தையும் அழுகியதைத் தின்னும். கூடவே இளந்தளிர், பூ, பிஞ்சு எல்லாவற்றையும் தின்னும். அதனால் பகலில் எதைத் தின்கிறது என்று பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய்ச் சரத்தில் எது ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூடி இல்லாததெல்லாம் எதிரியும் அல்ல. சிவந்த உடம்போடு, மெல்லிய ஓட்டோடு ஒன்று ஊரும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. வாளியில் போட்டுவிடாதீர்கள்.

மயில்துத்தக் கரைசல் அடித்தால் இரண்டு வகையும் சாகும், மண்புழுவும் சேர்ந்து போகும். அதைவிட, நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலையோ கோஸ் இலையோ வைத்துவிட்டு, காலையில் போய்ப் பொறுக்குவது மேல். தூரைச் சுற்றி மண்ணைக் கிளறினால், மிளகு அளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாகக் கிடைக்கும். ஒரு தாய் ஒரே தடவையில் நூற்றுக்கு மேல் இடும் என்பதால், முட்டையை அழிப்பதுதான் பெரிய வேலை.

வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். எலியிடமிருந்து இதற்கு வரும் ஒரு புழு, மனிதருக்கு மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். செத்த பிறகு ஓடையிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். அந்த உப்புத் தண்ணீரை மட்டும் ஏலத்தூர் பக்கம் ஊற்றிவிடாதீர்கள்.