ஒரு மனையில் இரண்டு குடி

அமெரிக்காவில் ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்குத்தான் வீடு கட்டலாமென்று பல நகரங்களில் சட்டமிருந்து வருகிறது. கேட்டால் தெருவின் அமைதிக்காகவாம். அமைதியாவது வெங்காயமாவது! நிறம் பார்த்துத் தெருவைப் பிரிக்கும் நகரச் சட்டம் செல்லாதென்று 1917-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. பின்னர் நிறத்தின் பேச்சையே எடுக்காமல், மனையின் அளவையும் வீட்டின் மாதிரியையும் சொல்லி, பணமில்லாதவனை வெளியே நிறுத்தினார்கள். வட்டாரம் பிரிக்கும் இவ்வதிகாரம் செல்லுமென்று 1926-ல் அதே கோர்ட்டே சொல்லிற்று.

நிற்க, மினியாபொலிஸ் நகரசபை 2018-ல் துணிந்து, ஒரு மனையில் மூன்று குடி வரை இருக்கலாமென்று தீர்மானித்து, 2020 முதல் அமுலுக்கும் கொண்டுவந்தது. சந்தோஷந்தான். ஆனால் அப்படிக் கட்டினவர்கள் சொற்பமே. ஏன்? பல தெருக்களில் ஒரு வீட்டுக்கு விட்ட கட்டடப் பரப்புக்குள்ளேயே மூன்று வீட்டையும் அடைக்கவேண்டும் என்றால், எந்தப் பைத்தியக்காரன் பணம் போடுவான்?

போர்ட்லாந்து நகரத்தார் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள். 2021 முதல் அமுலான அவர்கள் விதிப்படி, 5,000 சதுர அடி மனை வட்டாரத்தில் ஒரு வீடானால் 2,500 சதுர அடி, இரண்டானால் 3,000, மூன்றானால் 3,500 கட்டலாம். மினியாபொலிஸ் கனவான்கள் முதலில் இந்தக் கணக்கைப் படிக்கட்டும்.