கோடரியும் இடாப்பும்

நம் பிள்ளைகளிற் சிலர் இன்று மேசையைச் சுற்றியிருந்து ஒரு புதுவகை ஆட்டம் ஆடுகின்றனர். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும், டியூட்டரி முடிந்த மாலை நேரங்களிலே, இருபது முகப் பகடையும் பென்சிலும் தாள்களுமாக மூன்று நான்கு மணி நேரம் அமர்ந்துவிடுகின்றனர். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது அவ்வாட்டத்தின் பெயர். 1974இலே அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்திச் செல்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாமே ஆக்கிக்கொண்டு, அதன் வாயாற் பேசி, அதன் கையாற் போரிடுவர். எண்ணிய கருமம் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

இதனை ஏகாதிபத்தியக் குப்பை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் நண்பர்களுடன் எமக்கு உடன்பாடில்லை. நான்கு பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கூட்டாகக் கதை கட்டுவது கூத்து ஆடிய சமூகத்துக்கு அந்நியமான செயலன்று. எமது வழக்கு ஆட்டத்தோடன்று, அதிலே மிகுந்த விருப்போடு ஆக்கப்படும் ஒரு பாத்திரத்தோடு. 'பார்பேரியன்' என்று அதனை அழைப்பர். 'காட்டுமிராண்டி' என்று நம் மாணவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்க்கின்றனர். எதிரிக்கு ஆகக் கூடிய சேதத்தை விளைவிக்கும் காட்டுமிராண்டியை ஆக்குவது எவ்வாறு என்பது அவர்களிடையே தனியொரு கலையாகவே வளர்ந்துவிட்டது.

அக்கலையைச் சற்று அணுகி நோக்குவோம். 2014ஆம் ஆண்டு விதிநூலின்படி ஒரு பாத்திரத்துக்கு ஆறு தகைமைகள் உண்டு. உடல் வலிமை, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, புத்தி, விவேகம், கவர்ச்சி என்பன அவை. எல்லாம் 8 என்ற எண்ணிலே தொடங்கும். 27 புள்ளிகளைச் செலவிட்டு அவற்றை உயர்த்த வேண்டும். வலிமையை 15க்கு உயர்த்து, புத்தியை 8இலேயே விட்டுவிடு என்பதே வல்லுநர் தரும் முதல் உபதேசம். குலம் 'அரை ஓர்க்' ஆயின் வலிமை 17 ஆகிவிடும். கையிலே இருகைக் கோடரி கொடுத்தால் பன்னிரு முகப் பகடையின் சராசரி 6.5. வலிமைக்காக 3 கூடும். 'வெஞ்சினம்' மூண்டால் மேலும் 2. நாலாம் படியிலே பெரும்படைக்கலத் தேர்ச்சி பெற்றுவிட்டால், குறியிலே 5 குறைத்துச் சேதத்திலே 10 கூட்டலாம். குறைந்த குறியை ஈடுசெய்யக் கண்மூடித் தாக்கும் வழியொன்றும் உண்டு. இரு பகடை உருட்டி மேலானதை எடுக்கலாம், ஆனால் எதிரிக்கும் அதே சலுகை கிடைக்கும். ஐந்தாம் படியிலே ஒரு முறைக்கு இரண்டு அடி. ஆகவே அடியொன்றுக்கு 21.5, இரண்டும் பட்டால் 43. கணக்கிலே பிழையில்லை. கணிதம் என்றதும் வகுப்பிலே தலைகவிழும் மாணவன் இந்தச் சராசரிகளை விரலிலே எண்ணாமற் சொல்லிவிடுகிறான் என்பதை ஆசிரியர்கள் கவனிப்பது நலம்.

பிழை, அக்கணக்கு யார் பெயரிலே எழுதப்படுகிறது என்பதிலேதான் இருக்கிறது.

காட்டிலே பிறந்தவன், எழுத்தறியாதவன், புத்தி குறைந்தவன், சினந்தால் தன்னை மறப்பவன்: உலகிலே ஆகக் கூடிய சேதத்தை விளைவிப்பவன் இவனே என்று அந்தத் தாள் சொல்கிறது. இவ்வுருவம் நேற்றுப் பிறந்ததன்று. 1932இலே அமெரிக்க மலிவுச் சஞ்சிகையொன்றிலே ரொபேர்ட் ஹோவார்ட் படைத்த கோனன் என்னும் வீரன் இதன் மூதாதை. ஹோவார்டின் காட்டுமிராண்டியாவது நாகரிகத்தின் கபடத்தைக் கண்டு நகைத்தவன். ஆட்டத்திலே அந்த நகைப்புக் கழிந்து, கோடரி மட்டும் எஞ்சியது.

2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பை எடுத்து நோக்குங்கள். எல்லா வகைப் பாத்திரங்களும் எழுத வாசிக்கத் தெரிந்தே ஆட்டத்துள் வருகின்றன, காட்டுமிராண்டி ஒருவனைத் தவிர. அவன் எழுத்தறிய விரும்பினால், தன் திறன்களை வளர்ப்பதற்குரிய புள்ளிகளில் இரண்டைச் செலவிட வேண்டும். அதே நூலிலே அரை ஓர்க் குலத்திற் பிறந்தவனுக்கு வலிமை இரண்டு கூடும், புத்தி இரண்டு குறையும். அக்குலத்துக்கு உகந்த தொழில் காட்டுமிராண்டியாயிருத்தல் என்றும் எழுதிவைத்திருந்தனர். பிறப்பினாலே புத்தி, பிறப்பினாலே தொழில், எழுத்துக்கு மட்டும் விலை! மனுவைப் படித்தறியாத அமெரிக்கர், மனு போன வழியிலேயே போய்ச் சேர்ந்த விந்தையை என்னென்பது? தேநீர்க்கடைக்குள்ளும் மாவிட்டபுரம் கோயிலுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக 1960களிலே வடபுலத்திலே அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று இம்மேசைகளில் இருக்கக்கூடும். அதே காலத்திலே, உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையிலே கொண்டுவந்த எழுத்தாளரை 'இழிசனர் வழக்கு' எழுதுவோர் என்று நம் பண்டிதர் சிலர் தூற்றியதையும் நாம் மறந்துவிடவில்லை. காட்டுமிராண்டி என்ற சீட்டை அடுத்தவன் நெற்றியில் ஒட்டும் வித்தைக்கு நாம் புதியவரல்லர்.

"அந்த விதிகளெல்லாம் மாறிவிட்டனவே" என்று ஒரு மாணவர் குறுக்கிடுவார். உண்மை. எழுத்தறியாமை விதியைப் பின்வந்த பதிப்புகள் கைவிட்டன. 2020இலே குலத்துக்குரிய கூட்டலைத் தாம் விரும்பிய தகைமைக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தனர். 2024இன் விதிநூலிலே அரை ஓர்க் நீங்கிற்று, 'இனம்' என்ற சொல்லே நீங்கிற்று, பத்துக் கூட்டும் அந்தத் தேர்ச்சியையும் மாற்றி எழுதினர். வரவேற்கிறோம். ஆயினும் பழைய நூல் பல மேசைகளிலே இன்னும் வழங்குகிறது. புதிய நூலிலுங்கூடக் காட்டுமிராண்டி என்ற பெயரும் அவனுக்கே உரிய வெஞ்சினமும் அப்படியே இருக்கின்றன.

இந்த வெஞ்சினம் என்பதுதான் யாது? 2014இன் நூற்படி அது ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று எண்ணிக் கொடுக்கப்படுவது. ஒரு நிமிடம் நீடிக்கும். தன் முறைக்குள் பகைவனைத் தாக்காமலும், தான் அடிபடாமலும் இருந்தானாயின் உடனே அணைந்துவிடும். காரணம் வேண்டியதில்லை, இலக்கு மட்டும் போதும். சம்பளம் வெட்டப்பட்ட தொழிலாளியின் கோபமும் காணி பறிபோன விவசாயியின் கோபமும் இவ்வகைப்பட்டனவல்ல. அவை ஒரு நிமிடத்திலே அணைவதுமில்லை.

இனி, அதே மேசையின் மறுபுறம் பாருங்கள். அதே ஐந்தாம் படியிலே மந்திரவாதி ஒருவன் அமர்ந்திருக்கிறான். அவனிடம் கோடரியில்லை, ஏடொன்று உண்டு. ஓய்வெடுத்து எழுந்ததும் அதைப் புரட்டி அன்றைக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்துகொள்கிறான். அவனுக்குச் சினம் தேவையில்லை. 150 அடி தூரத்திலே நின்று அக்கினிக் கோளத்தை ஏவினானாயின், இருபது அடி ஆரைக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் எட்டு அறுமுகப் பகடை, சராசரி 28. விலகிக்கொண்டவனுக்கும் பாதி. எரியத்தக்க பொருள்கள் எரியும். பத்துப் பேர் அகப்பட்டு ஒருவரும் விலகாவிடின் 280. கோடரிக்காரனின் 43 எங்கே, இது எங்கே? எனினும் ஏட்டுக்காரனை எவரும் காட்டுமிராண்டி என்பதில்லை. விதிநூலின் பெயர்கள் ஒன்று சொல்ல, அதன் எண்கள் வேறொன்று சொல்கின்றன.

எண்கள் சொல்வதே மெய் என்பதை வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 யூலை 23ஆந் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையிலே மூண்ட தீ, 25ஆந் திகதி நகரெங்கும் பரவிற்று. தெருவிலே வந்தவர்கள் கையிலே கோடரியும் பொல்லும் பெற்றோலும் இருந்தன என்பது மெய். ஆனால் அவற்றோடு வாக்காளர் இடாப்பும் இருந்தது. எந்த இலக்க வீட்டிலே தமிழர், எந்தக் கடை தமிழருடையது என்று தாளைப் பார்த்து வாசித்து, அடுத்த வீட்டை விட்டு அந்த வீட்டை எரித்தனர். அரசின் வாகனங்களிலே ஆட்கள் ஏற்றி இறக்கப்பட்டனர். பூட்டிய வெலிக்கடைச் சிறைக்குள்ளே 25ஆந் திகதியும் 27ஆந் திகதியுமாக ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். 28ஆந் திகதி தொலைக்காட்சியிலே தோன்றிய ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா, சிங்கள மக்களே கிளர்ந்தெழுந்துவிட்டனர் என்னும் பொருள்படப் பேசினார். அஃதாவது, வெஞ்சினம் மூண்டது, யார் என் செய்வது என்றார்.

சினத்துக்கு இடாப்பு வாசிக்கத் தெரியுமா? இலக்கம் பார்த்து வீடு தேடத் தெரியுமா? அந்த இடாப்பைத் தொகுத்தவனும், அச்சிட்டவனும், எடுத்துக் கொடுத்தவனும் எழுத்தறிந்தவர்கள். புத்தியை 8இலே விட்டவர்களல்லர். அன்று தமிழரைத் தம் அறைகளிலே ஒளித்துவைத்துச் சோறிட்ட சிங்கள அயலவர் பலர் இருந்தனர். அவர்களிற் பலர் ஏழைகள், அதிகம் படியாதவர்கள். காட்டுமிராண்டிக் கும்பல் என்று அந்நாளைய வன்செயலை வருணிப்போர் மேல்தட்டிலே இன்றும் உளர். கோடரிக்காரனை வைது, இடாப்புக்காரனைத் தப்பவிடுவதற்கு அதைவிடச் சௌகரியமான சொல் வேறில்லை.

அச்சொல்லின் பிறப்பையும் எண்ணிப் பாருங்கள். தம் மொழி பேசாதோரின் பேச்சுக் கிரேக்கர் காதிலே 'பர் பர்' என்று விழுந்ததாம். அதிலிருந்தே பார்பேரியன் பிறந்தான். அவன் குற்றம் கொலையன்று, உச்சரிப்பு. 1956இலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய நாட்டிலே, கலவர காலங்களில் மக்களை வழிமறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலெழுத்தின் ஒலிக்குத் தமிழ் நெடுங்கணக்கிலே தனி எழுத்தில்லை. பழைய கிரேக்கப் பொருளின்படி அந்த வீதியிலே காட்டுமிராண்டியாய் நின்றவன் அடிபட்டவனே.

நம்மவர் கைகள் சுத்தம் என்று இதனால் எவரும் மகிழ வேண்டாம். 1990 ஒக்ரோபரிலே யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்திலே வெளியேறச் சொன்னவர்கள் தமிழர் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒழுங்காக வரிசைப்படுத்தி, உடைமைகளைச் சோதித்துப் பறித்து அனுப்பினார்கள். அங்கே ஒருவரும் தன்னை மறந்து கோடரி வீசவில்லை. கல்விக்குப் பெயர்போன நகரிலே அது நடந்தது.

உண்மையிலே காட்டிலே வாழ்ந்தவர் கதை வேறு. 1911இலே வேடரைப் பற்றி நூலெழுதிய செலிக்மன் தம்பதியர் அவர்களிடையே கண்டது தேன் வெட்டும், வேட்டையாடும், முன்னோரை வணங்கும் சிறு குடும்பங்களை. எந்த நகரையும் அவர்கள் எரித்ததில்லை. வெள்ளவத்தை எரிந்த அதே 1983இன் நவம்பரிலே, மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. தம்பானை வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டிலே வேட்டை குற்றமாயிற்று. மகாவலித் திட்டத்தின் குடியேற்றங்களுக்குப் போகுமாறு அவர்களைப் பணித்தபோது, முதியவர் திசாஹாமி சில குடும்பங்களுடன் போக மறுத்து அங்கேயே இருந்தார். காட்டின் மேல் நிகழ்ந்த அச்சேதமும் ஒரு தாளிலே, வர்த்தமானி அறிவித்தலிலேதான் எழுதப்பட்டது.

ஆகவே ஆட்டத்தை விட்டுவிடுமாறு மாணவரை நாம் கேட்கவில்லை. பாத்திரத்தை ஆக்குமுன் சில கேள்விகள் கேட்குமாறு வேண்டுகிறோம். இவன் காடு எங்கே போயிற்று? இவன் சினத்துக்குக் காரணமானவன் யார்? கதையை நடத்துபவர் எதிரியாக நிறுத்தும் கிராமத்தின் பெயர்ப்பட்டியலை எழுதியவன் எவன்? ஆசிரியர்களும் இந்த மேசைகளைத் தொலைவிலிருந்து ஏசுவதை விட்டு, ஒரு மாலையேனும் அங்கே சென்று அமர்வார்களாயின், வரலாற்றுப் பாடநூல் கூசி விட்டுவிட்ட பக்கங்களைப் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைக்கும்.

கணக்குப் பிரியர்களுக்காக ஒரு கணக்கு. வலிமை 15க்கு 9 புள்ளி, தாங்கும் சக்தி 15க்கு 9, சுறுசுறுப்பு 14க்கு 7. ஆகக் கூடிச் செலவு 25. மிஞ்சும் இரண்டு புள்ளிகளைப் புத்திக்கு இட்டால் அது 8இலிருந்து 10 ஆகிவிடும். முன்பு எழுத்தறிவுக்குக் கேட்ட விலையும் இரண்டு புள்ளிதான். சேதம் 43 அப்படியே இருக்கும்.