கல்யாணப் பாட்டும் காவல் சாவடியும்

1043-ஆம் ஆண்டுக்குப் பிறகு மேற்காசியாவின் ட்ரூஸ் மதத்தில் புதிதாக யாரும் சேர முடியாது. அதில் பிறந்தால்தான் உண்டு. புனித நூல்களும் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே. எஞ்சியவர்களுக்குத் தாங்கள் யார் என்று சொல்வது கல்யாணப் பாட்டுதான் என்பேன். ஒரு மூதாட்டி ‘ஆவீஹா’ என்று எடுத்துக்கொடுத்து நாலடி பாடி நிறுத்துவார். பெண்கள் கூட்டம் மொத்தமும் குலவையிடும். சிரியாவின் சுவைதாவில் ஆண்கள் வரிசைகட்டி ஜோஃபியா என்னும் வீரப்பாட்டைப் பாடுகிறார்கள். அதில் 1925-இல் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த ட்ரூஸ் தலைவர் சுல்தான் பாஷா அல்-அத்ரஷும் வந்துவிடுவார். மணவீட்டில் போர்ப்பாட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். இவர்களின் கல்யாணத்துக்குள்ளேயே போர் புகுந்திருக்கிறது. இஸ்ரேலுடனான 1967 போர் கோலானின் ட்ரூஸ் கிராமங்களைச் சிரியாவிலிருந்து பிரித்தது. அதன்பின் அங்கிருந்து குனைத்ரா காவல் சாவடியைக் கடந்து சிரியாவுக்கு வாக்கப்பட்டுப் போன பெண்களில் பெரும்பாலோர் தாய்வீட்டுக்குத் திரும்ப முடிந்ததில்லை.